பாறசாலை பாப்பாவுக்கு எடுத்து வைத்த புத்தகம்

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர். ஓணம் லீவிலும் தீபாவளிக்கு முன்பும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ் ஏறி, டவுன்ஹால் பக்கத்துப் புத்தகக் கடைகளுக்குப் போய் வருவது எங்கள் வழக்கம். மாமியாரும் வருவார். இந்த முறை பெரியவன் போனை நீட்டி, "அம்மா, இதே புத்தகம் இதில் 80 ரூபாய் குறைவு. வீட்டுக்கே வந்துவிடும். எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. வெறும் பழக்கத்துக்காகத்தான் போகிறோமா?

ச.

அன்புள்ள ச.,

பையன் கேட்டது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. முதலில் அந்த 80 ரூபாயைப் பார்ப்போம். சிறிய கடைக்குப் பதிப்பகம் விலையில் தரும் கழிவு பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 400 ரூபாய்ப் புத்தகம் விற்றால் 120 நிற்கும். பார்சல் கூலி, வாடகை, கரண்டு பில், வேலையாள் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். அதில் 80-ஐ விட்டுக்கொடு என்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கைப் பையனிடம் அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

அப்புறம் என் வீட்டுக் கதை. நான் பாறசாலைக்காரன். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின; நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்த எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் பேச மட்டும் தமிழ். அப்பா சம்பளம் வாங்கிய வாரம் சனிக்கிழமை எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை தாண்டி நாகர்கோவில் போவார். மணிமேடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடை, இரண்டு கதவு அகலம்தான் இருக்கும்.

தங்கைக்கு அப்போது பத்து வயது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அப்பா அவளுக்காக எடுத்த தடிமனான புத்தகத்தைக் கடை அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். அவளிடம் ஒரு பக்கத்தை நீட்டி, "வாசி மக்கா" என்றார். அவள் திணறியதும் ஒன்றும் சொல்லாமல் அந்தப் புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு, பெரிய எழுத்தில் இருந்த மெல்லிய ஒன்றைக் கொண்டுவந்தார். "இதை முதல்ல வாசிக்கட்டும் சார். அது அடுத்த மாசம்."

அடுத்த மாதம் போனபோது அந்தத் தடிமன் புத்தகம் மேஜைக்குப் பின்னால் காத்திருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே பென்சிலில் 'பாறசாலை பாப்பா' என்று எழுதியிருந்தார். தங்கை தமிழ் படித்தது அந்தக் கடையில்தான். தமிழுக்கென்று அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

அப்பாவுக்கு மலையாளக் கடைகள் மேலும் அதே பிரியம். 1945-ல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு தொடங்கியது சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம் என்ற எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம். எழுதியவருக்கு 30 சதவீதம் ராயல்டி கொடுத்த சங்கம் அது. அவர்களுடைய நேஷனல் புக் ஸ்டாலுக்குள் நுழையாமல் அப்பா திருவனந்தபுரத்திலிருந்து திரும்பியதில்லை. எழுதுகிறவர்களே நடத்துகிற கடை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

எல்லாக் கடையும் இப்படி இருக்காது. புத்தகத்தைத் தொட்டாலே முறைக்கிற கடையும் உண்டு, அங்கே போக வேண்டாம். பரீட்சைப் புத்தகம் அவசரமாக வேண்டுமென்றால் ஆன்லைனில் வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் கோவைப் பயணத்தை நிறுத்திவிடாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கடைக்கு போன் செய்து வேண்டியதைச் சொல்லிவிட்டால் எடுத்து வைப்பார்கள். பெரியவன் கையில் 300 ரூபாய் கொடுத்து, கடைக்காரரிடம் அவனையே பேசவிடுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

ஆமாம், மாமியார் இந்த முறை என்ன புத்தகம் வாங்கினார்? அதை எழுதவே இல்லையே.