நேரத்தைக் கேளுங்கள், கட்டடம் பிறகு வரட்டும்

ஊர் நலம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் காவிரி டெல்டாவில் கிராம சுகாதார செவிலியராகவும், பின்னர் பகுதி சுகாதார செவிலியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

வந்தவாசி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊராட்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்கிறோம். தீர்மானம் எழுதுகிறார்கள், அதோடு சரி. மக்கள் பங்கேற்பு என்பது வெறும் பேச்சுதானா?

பேச்சு இல்லை, தம்பி. ஆனால் நீங்கள் கேட்கும் பொருள் கிராம சபையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. மலைப்பகுதி என்றால் 20,000, 3,000. உங்கள் தீர்மானம் மாவட்டத்துக்குப் போனதும் முதலில் இந்த எண்களோடுதான் ஒப்பிடப்படும். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

"மருத்துவமனை வேண்டும்" என்று ஊரே சேர்ந்து சொல்லும்போது, அதன் பின்னால் என்ன துன்பம் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் வண்டி கிடைப்பதில்லை என்பார்கள். அடுத்த வீட்டில் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகிறது என்பார்கள். கட்டடம் கட்டாமலே இவற்றுக்கு வழி செய்ய முடியும்.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊரின் நடுத்தெருவில் இருந்த அங்கன்வாடியில் காலை பத்து மணிக்கு உட்காருவோம். நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் ஆதிதிராவிடர் தெருவிலிருந்து தாய்மார்கள் வருவதே இல்லை. இதற்கு அறிக்கையில் "விழிப்புணர்வுக் குறைவு" என்று எழுதும் பழக்கம் இருந்தது. அந்தச் சொல்லை எனக்கு எப்போதும் பிடிக்காது. வயலிலிருந்து திரும்பிய பெண்களிடம் கேட்டபோது அவர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள்: "காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் கரையேறுவோம். பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா? மூன்று மணிக்கு வாருங்கள், எங்கள் தெருவிலேயே உட்காருங்கள்." மருத்துவ அலுவலரிடம் பேசி, அந்த மாதங்களில் மட்டும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தெருவின் சமுதாயக் கூடத்தில் இரண்டாவது அமர்வு வைத்தோம். தடுப்பூசிப் பெட்டியில் குளிர்ச்சி கெடாமல் இருக்கப் பனிக்கட்டிப் பொதிகளை மாற்றி எடுத்துப்போக வேண்டியிருந்தது. கூடுதல் ஏற்பாடு என்று சொன்னால் அவ்வளவுதான். தாய்மார்கள் வந்தார்கள்.

அடுத்த கிராம சபையில் தீர்மானத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன தெருவில் இத்தனை பேர் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு மேல் மாத்திரை வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும்." அதன் நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையக் கோரிக்கையையும் கைவிட வேண்டாம். அதைத் தனித் தீர்மானமாக, சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து மக்கள்தொகைக் கணக்கோடு அனுப்புங்கள்.

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி: ஊரில் சுகாதாரக் குழு ஒன்று இருக்கிறது, அதற்குப் பணமும் வருகிறது என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. உண்மையா?

உண்மை அம்மா. கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று பெயர். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்தது. ஆண்டுக்கு ரூ.10,000 வரை நிபந்தனையற்ற நிதியாக வரும். நம் மாநிலத்தில் ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் கூட்டாக வங்கிக் கணக்கை இயக்குவார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், மாதம் ஒரு முறை கூட வேண்டும் என்கின்றன தேசிய வழிகாட்டு நெறிகள்.

நிபந்தனையற்ற நிதி என்றால் எதற்குச் செலவிடுவது என்று ஊர் முடிவு செய்யலாம் என்று பொருள். குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யலாம், கொசு உற்பத்தியாகும் குட்டையை மூடலாம். யாருமற்ற ஏழைப் பெண் ஒருவரை அவசரமாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டிக் கூலி கொடுக்கலாம். தொகை சிறியது. ஆனாலும் அந்தப் பத்தாயிரத்தை என்ன செய்யலாம் என்று பத்துப் பெண்கள் உட்கார்ந்து பேசினால், ஊரின் நோய் எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பேச்சிலேயே வெளியே வந்துவிடும். நான் இந்தக் குழுவை விடாமல் வலியுறுத்துவது அதற்காகத்தான். பணத்தை இரண்டு பேர் கையெழுத்தில் ஆண்டுக் கடைசியில் பிளீச்சிங் பவுடருக்கு எழுதி முடித்தால் அந்தப் பேச்சு நடக்காமலே போய்விடுகிறது.

உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் உறுப்பினர் பட்டியலையும் கூட்டப் பதிவேட்டையும் கேளுங்கள். தயவுசெய்து அவரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரிக்க வேண்டாம். ஐயாயிரம் பேரின் கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, கணினிப் பதிவு எல்லாம் அந்த ஒருவர் தலையில் இருக்கின்றன. உதவிக்கு வருகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். எந்த வழியிலும் விவரம் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

சேலம் நகரிலிருந்து ஒரு வாசகர்: கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. நகரத்தில் இருப்பவர்கள் எங்கே போய்ச் சொல்வது?

வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. அதற்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குவதால் வேலைக்குப் போகிறவர்களும் போய்க் காட்டிக்கொள்ள முடிகிறது. உங்கள் பகுதியில் அந்த நேரம் ஒத்துவருகிறதா என்பதைப் பகுதி சபையில் முதல் பேச்சாக எடுங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்டதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம்முடைய சுகாதாரக் கூட்டங்களில் தவறாமல் விடுபடும் ஆள் நீங்கள்தான். படுக்கையில் இருப்பவரை விட்டுவிட்டு நீங்கள் கூட்டத்துக்கு எப்படி வருவீர்கள்?

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும், தீராத நோயின் வலியையும் தொல்லையையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் அடங்கும். வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் பெரும்பாலும் உங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். அவரிடம் இயன்முறை மருத்துவர் வருகையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மாமியாரைப் புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது ஆகியவற்றை உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். உங்கள் முதுகைக் காப்பாற்றும் தூக்கும் முறையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்ததாக, உங்கள் தெருவில் இதே நிலையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். கேரளத்தில், குறிப்பாக மலப்புறம், கோழிக்கோடு பகுதிகளில், அக்கம்பக்கத்தார் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி பெற்று, படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ஆசிரியர், கடைக்காரர், மாணவர் என்று பலரும் அதில் சேர்ந்தார்கள். யார் வீட்டுக்கு எந்த நாள், என்ன உதவி என்பதை அவர்களே கூடி முடிவு செய்தார்கள். 2008-இல் அந்த மாநில அரசு நோய் ஆதரவு சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. பின்னர் ஊராட்சிகளும் தம் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கின. அங்கே ஊர் முதலில் நடந்தது, அரசு பின்னால் வந்தது. உங்கள் தாளில் ஐந்து வீடு இருந்தாலும் போதும், அதை ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் கொடுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் தன்னார்வலர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது மாமியார் பக்கத்தில் இருந்தால் நீங்கள் தூங்கலாம், உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவர்: மருத்துவத் திட்டம் தீட்டுவது படித்தவர்கள் வேலை, பாமர மக்களைக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்கிறார் என் பெரியப்பா. என்ன பதில் சொல்ல?

பெரியப்பாவைக் கூடலூருக்கு அழைத்துப் போங்கள். நீலகிரியின் அந்தப் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிவாசி மக்கள் 1980-களில் நில உரிமைக்காகச் சங்கமாகத் திரண்டார்கள். உடல்நலப் பணியும் அந்தச் சங்கத்தின் வழியாகவே வளர்ந்தது. கிராமத்துப் பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். 1990-இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை உருவானது. அங்கே செவிலியராக ஆனவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்களே. 1992-இல் தங்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடும் தொடங்கினார்கள். இந்த நாட்டில் பெரும்பாலானோருக்குக் காப்பீடு என்ற சொல்லே எட்டாத காலம் அது.

தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியிலும் அப்படித்தான். 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்து வளர்த்தார்கள். அந்தப் பணி பின்னாளில் இயற்கை விவசாயத்துக்கும் லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்கும் விரிந்தது. நோய் எங்கே பிறக்கிறது என்று மக்களோடு இருந்து பார்த்தால் அது வயலுக்கும் வருமானத்துக்கும்தான் கொண்டுபோய் விடும். 1978-இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா-ஆட்டா சுகாதாரப் பிரகடனம், தங்கள் உடல்நலப் பணியைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை இரண்டும் என்று எழுதிவைத்தது. மருந்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும். அந்த மருந்து எந்த நேரத்தில், எந்தத் தெருவில், யார் கையால் வர வேண்டும் என்பதை அதைச் சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டும்.

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகி: கூட்டம் நடத்தினால் இரண்டு மூன்று ஆண்களே பேசுகிறார்கள். பெண்கள் பின்னால் நிற்கிறோம்.

கூட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாள்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாதம் உடம்பு சரியில்லாதபோது எது உங்களைத் தடுத்தது?" பதில்களை எழுதி, அதிகம் பேர் சொன்ன இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழுப் பெண்கள் சேர்ந்தாற்போல் முன்வரிசையில் உட்காருங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கை தூக்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.