ரங்கூனிலிருந்து மாண்டலேக்கு விமானத் தூரம் எவ்வளவு, எத்தனை நேரம் ஆகும்? எப்படிக் கணக்குப் போடுவது?

கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் ஏதோ அவசரமாகக் கிளம்புகிறீர்கள் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தூரம் சுலபம். ரங்கூன் விமான நிலையம் சுமார் 16.9 பாகை வடக்கு, மாண்டலே 21.7. வித்தியாசம் 4.8. அட்சரேகையில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர், பெருக்கினால் 533. பூமி உருண்டை, இப்படிப் பெருக்கக் கூடாது என்று யாராவது வருவார்கள். தெரியும் ஐயா, இரண்டு ஊரும் 96 தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால் இங்கே இது போதும்.

நேரத்தில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். சில வருஷத்துக்கு முன்னால் மாண்டலேயில் சித்தப்பா தவறிவிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, 533ஐ 800ஆல் வகுத்து, நாற்பது நிமிஷம்தான், காலை ஏழு மணி விமானத்தில் வந்துவிடுகிறேன், எடுத்துவிடாதீர்கள் சித்தி என்று போனில் பெரிதாகச் சொன்னேன்.

800 என்பது ஜெட்டுக்கு. நான் ஏறியது ஏடிஆர் என்கிற, விசிறி வைத்த சின்ன விமானம், அது 500 போனால் அதிகம். ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் நேராகப் போனாலே ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். அது நேராகவும் போகவில்லை. பாகன் பக்கம் ஞாவுங் ஊவில் இறங்கி, ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் மாண்டலே. டவுன்பஸ் மாதிரி. டிக்கெட்டில் போட்டிருந்ததாம், நான் பார்க்கவில்லை, சரி, என் தப்புதான். இறங்கும்போது ஒன்பது தாண்டிவிட்டது. விமான நிலையமோ ஊருக்குள் இல்லை, தெற்கே தாடா ஊவில், 35 கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸி வீட்டு வாசலில் நின்றபோது பந்தலும் நாற்காலியும்தான் இருந்தன. பத்தே கால் வரை பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள்.

ராத்திரி பஸ் பிடித்திருந்தால் விடிவதற்குள் வந்திருப்பானே, பணத்திமிர், பிளேனில்தான் வருவாராம் என்று இன்றுவரை பேச்சு. சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி வரவே இல்லை, பணம் மட்டும் அனுப்பினான், அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவன்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் போல. அதை விடுங்கள்.

டிக்கெட் போடும்போது தூரத்தைக் கேட்காதீர்கள், நடுவில் எங்கெல்லாம் இறங்கும் என்று கேளுங்கள். தாடா ஊவிலிருந்து ஊருக்குள் போகத் தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாவுக்குப் போவதாக இருந்தால் பஸ்.