ஹம்பிக்குப் போகிறீர்களா? கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்

விஜயநகரப் பேரரசின் தலைநகரமாக இருந்த ஊர், கர்நாடகத்தில் இருக்கும் ஹம்பி. முதல் முறை போய்வந்ததிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய்விடுகிறேன். இந்த வாரம் கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: "ஒரு நாளில் பார்த்துவிட முடியுமா அண்ணா? எப்படிப் போவது?"

ஒரு நாள் போதாது தம்பி. இரண்டு இரவு தங்கும்படி திட்டம் போடுங்கள். பெங்களூரு போய், அங்கே இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பஸ், ஆட்டோ இரண்டும் உண்டு. விட்டலர் கோயில், தாமரை மகால் இருக்கும் ஜனானா (அந்தப்புர) வளாகம், கமலாபுரம் மியூசியம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட்தான். ஆனால் அது அன்றைக்கு மட்டும் செல்லும் என்பதால் இந்த மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே ஹம்பி முழுவதையும் மலை, ஆறு, கோயில்களோடு பெரிய மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டால் பிறகு எங்கே நின்றாலும் திசை பிடிபடும்.

"எந்த மாதம் நல்லது?"

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிப் போனேன். பதினொரு மணிக்கே பாறையெல்லாம் தோசைக்கல்லாகிவிட்டது. அம்மாவுக்குத் தலை சுற்றி, ஒரு மண்டபத்து நிழலிலேயே மாலை வரை உட்கார வேண்டியதாயிற்று. எந்த மாதம் போனாலும் காலை ஆறிலிருந்து பத்து வரை ஒரு சுற்று, மாலை நான்குக்கு மேல் ஒரு சுற்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஓர் அம்மா: "எனக்கு முழங்கால் வலி. நான் வரலாமா?"

தாராளமாக வாங்கம்மா. விட்டலர் கோயிலுக்கு வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் போல இருக்கும், பேட்டரி வண்டி ஓடுகிறது. தாமரை மகால், யானைக் கொட்டாரம் பக்கம் சமதரை. சூரிய அஸ்தமனம் பார்க்க எல்லோரும் மாதங்க மலையைச் சொல்வார்கள், அதன் படிகள் உங்களுக்கு ஆகாது. விருபாக்ஷர் கோயிலை ஒட்டிய ஹேமகூடம் சரிவான பாறைதான், யாராவது கைபிடித்துக் கூட்டிப்போனால் மெதுவாக ஏறிவிடலாம். ஆற்றுக்கு அக்கரையில் அனுமன் பிறந்த இடம் என்று சொல்லும் அஞ்சனாத்ரிக்கு 575 படி. அதைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

விருபாக்ஷர் கோயிலில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். சன்னதிக்குப் பின்பக்கம் ஓர் இருட்டு அறை இருக்கிறது. சுவரில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக ராஜகோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். கோபுரம் ஒன்பது நிலை, ஏறக்குறைய 50 மீட்டர் உயரம். சுவரில் அது ஒரு முழ அளவில் கலசம் கீழே தொங்க நிற்கும்.

"கல் தேர் ஒரே கல்லில் செதுக்கியதா? இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க விடுவார்களா?"

ஒரே கல் இல்லை. பல கருங்கற்களை இணைப்பு தெரியாமல் அடுக்கியிருக்கிறார்கள். அது விட்டலர் கோயிலுக்குள் தேர் வடிவத்தில் உள்ள கருட சன்னதி. மேலே முன்பு செங்கல் விமானமும் இருந்தது. 1856-ல் கிரீன்லா என்ற ஆங்கிலேயர் எடுத்த புகைப்படத்தில் அது தெரிகிறது. முன்னால் நிற்கும் இரண்டு யானைகளும் பிறகு கொண்டுவந்து வைத்தவை. குனிந்து அவற்றின் பின்னால் பாருங்கள், பழைய குதிரைகளின் கால்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். 50 ரூபாய் நோட்டில் இருப்பதும் இந்தத் தேர்தான்.

இசைத்தூண்கள், அதாவது தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்கள், அதே கோயிலில்தான் இருக்கின்றன. அவற்றைத் தட்ட அனுமதி இல்லை. காவலர் அசந்த நேரத்தில் தட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆளாளுக்குத் தட்டியே அவை தேய்ந்தன. 2019-ல் சில இளைஞர்கள் வேறொரு கோயிலில் தூணைத் தள்ளி விழவைத்து அதை வீடியோவும் எடுத்தார்கள். நீதிமன்றம் அபராதம் விதித்து, விழுந்ததை அவர்களையே நிறுத்தவும் வைத்தது. அந்த வீடியோவைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ்வளவு பெரிய ராஜ்ஜியம், அரண்மனை எங்கே? வெறும் மேடைதானே இருக்கிறது?"

நல்ல கேள்வி. அரண்மனைகளின் அடித்தளம்தான் கல், மேல்கட்டு மரம். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு நகரம் சூறையாடப்பட்டது. மரம் எரிந்துபோய், மேடை மட்டும் மிஞ்சியது. மகாநவமி மேடையில் ஏறும் முன் அதன் பக்கச் சுவர்களைச் சுற்றி வாருங்கள். யானை வரிசை, வேட்டை, ஆட்டக்காரிகள், குதிரை கொண்டுவந்த வெளிநாட்டு வியாபாரிகள் என்று ஊரே அதில் இருக்கிறது. 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் பயஸ், இந்த நகரம் ரோமாபுரி அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று எழுதினார்.

மேடைக்குப் பக்கத்திலேயே படிக்குளம். 1980-களில் தோண்டும்வரை மண்ணுக்குள் கிடந்தது. கறுப்புக் கல், கோடு போட்டது போன்ற படிகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சின்ன எழுத்து வெட்டியிருக்கும். எந்தப் பக்கம், எந்த வரிசை, எத்தனையாவது கல் என்ற குறிப்பு அது. வேறெங்கோ செதுக்கி, குறி போட்டு, இங்கே கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள். கல்தூண்களின் மேல் ஓடிவரும் கல் கால்வாய் ஒன்று குளம் வரை வந்து நிற்கிறது. ஹம்பியில் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதைத்தான்: தண்ணீர் போன வழியைத் தேடிப் பாருங்கள். இந்தப் பாறைக்காட்டில் அத்தனை பேர் வாழ்ந்தது அதனால்தான். துர்த்துக் கால்வாய் இன்றும் ஓடுகிறது, வழியெல்லாம் பார்க்கும் வாழைத்தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீர்தான்.

"நம்ம ஊருக்கும் ஹம்பிக்கும் தொடர்பு உண்டா?"

நிறைய. திருவண்ணாமலைக் கிழக்கு ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். விட்டலர் கோயில் பக்கம் நம் திருமங்கையாழ்வாருக்கே ஒரு கோயில் இருக்கிறது. அப்புறம் கிருஷ்ணர் கோயில். ஆந்திராவில் இருக்கும் உதயகிரிக் கோட்டையை வென்று, அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலைக்காக ராயர் கட்டியது. இப்போது அங்கே கருவறை காலி. அந்தச் சிலை சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. முதலில் எழும்பூரில் சிலையைப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் காலிக் கருவறை முன் நின்று பாருங்கள்.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி 6.7 மீட்டர் உயர நரசிம்மர், 1528-ல் செதுக்கியது. மடியில் இருந்த லட்சுமியை உடைத்துவிட்டார்கள். ஆனால் அவள் அணைத்த கை மட்டும் அவர் முதுகில் இன்னும் இருக்கிறது. பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். பக்கத்துச் சன்னதியில் படவிலிங்கம் என்னும் பெரிய சிவலிங்கம், அடிப்பாகம் எப்போதும் தண்ணீருக்குள். கால்வாய் நீரை உள்ளேயே விட்டிருக்கிறார்கள்.

"பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? பரிசலில் போகலாமா?"

போகலாம், துங்கபத்திரை அமைதியாக இருக்கும் நாளில். அணை திறந்துவிட்டால் கரையில் இருக்கும் புரந்தரதாசர் மண்டபமே முழுகும், அப்போது பரிசல் ஓடாது. காலையில் விருபாக்ஷர் கோயில் யானை லட்சுமி ஆற்றுக்குக் குளிக்க வருவாள். என் அக்கா பையன் மூன்று நாள் பார்த்ததில் ஊருக்கு வந்து சொன்னது அந்த ஒன்றைத்தான்.

"சாப்பாடு?"

கோயில் பக்கம் அசைவமும் மதுவும் கிடையாது. இட்லி, தோசைக்குக் குறைவில்லை. ஹொசப்பேட்டையில் ஜோள ரொட்டி (சோள மாவு ரொட்டி) சாப்பிடுங்கள். மாலையில் மண்டக்கியும் மிளகாய் பஜ்ஜியும். மண்டக்கி என்றால் நம் பொரிதான்.

"எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று சொல்லுங்கள்."

கல் தட்டுகள். கமலாபுரம் பக்கம் சாலையோரமாக ஒரு பழைய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் தரையோடு கற்பலகைகள். ஒவ்வொன்றிலும் நடுவில் சோற்றுக்குப் பெரிய பள்ளம், சுற்றிலும் கூட்டு, பொரியல், குழம்புக்குச் சின்னச் சின்னக் குழிகள். அசப்பில் பந்தி இலைதான். நடுவே தண்ணீர் ஓட, இரண்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, கூட்டமும் இருக்காது. ஆட்டோக்காரரிடம் "போஜன சாலே" என்று கேளுங்கள், நிறுத்துவார்.