உக்ரைன் மைதான் போராட்டத்தை நடத்தியதே நாஜிகள்தான் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. தொடங்கியதும் அவர்கள் இல்லை, கூட்டத்தில் பெரும்பான்மையும் அவர்கள் இல்லை. ஆனால் போலீஸோடு மோதல் முற்றிய இடங்களில் முன்வரிசையில் தீவிர வலதுசாரிகளின் பங்கு பெரியது. நீங்கள் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த இரண்டில் ஒரு பாதியை மட்டும் காட்டுவதுதான் அத்தகைய காணொளிகளின் வழக்கம்.

2013 நவம்பர் 21 அன்று உக்ரைன் பிரதமர் அசாரோவின் அரசு ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்த வேலையை நிறுத்திவைத்தது. அன்று தலைநகர் கீவின் மைதான் சதுக்கத்துக்கு வாருங்கள் என்று ஃபேஸ்புக்கில் அழைத்தவர் காபூலில் பிறந்த பத்திரிகையாளர் முஸ்தஃபா நயெம். நவம்பர் 30 விடிவதற்குள் பெர்குட் என்ற கலவரத் தடுப்புப் போலீஸ் அங்கிருந்த மாணவர்களை அடித்து விரட்டியது. அதற்குப் பிறகுதான் கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. டிசம்பர் 7, 8 தேதிகளில் சதுக்கத்தில் எடுத்த கணிப்பில் 70% பேர் அந்த அடிதடியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 92% பேர் எந்த அமைப்பையும் சேராதவர்கள்.

எந்த அமைப்பையும் சேராத கூட்டத்தில், ஏற்கெனவே அமைப்பாக இருப்பவனின் கைதான் ஓங்கும். ஸ்வோபோதா என்ற தீவிர வலதுசாரி தேசியவாதக் கட்சி 2012 நாடாளுமன்றத் தேர்தலில் 10.44% வாக்கும் 37 இடங்களும் பெற்றிருந்தது. மேற்கு மாகாணங்களில் கிளைகள் வலுவாக இருந்தன. டிசம்பர் 1 அன்று கீவ் மாநகராட்சிக் கட்டடத்தைப் பிடித்ததில் அவர்கள் முன்னால் நின்றார்கள். டிசம்பர் 8 லெனின் சிலையை வீழ்த்தியது நாங்கள்தான் என்றார்கள். ஜனவரி 1 அன்று 1940-களின் தேசியவாதத் தலைவர் பண்டேராவின் பிறந்தநாள் தீவட்டி ஊர்வலமும் அவர்களுடையதே.

பிராவி செக்டர் என்ற இன்னொரு தீவிர வலதுசாரி அமைப்பு வேறு கதை. திரிசூப், உனா-உன்சோ, பேட்ரியட் ஆஃப் உக்ரைன் போன்ற சிறு குழுக்கள் நவம்பர் இறுதியில் சேர்ந்து உருவானது. தலைவர் த்மித்ரோ யாரோஷ். சில நூறு பேர்தான். ஜனவரி 16 அன்று போராட்டத்துக்கு எதிரான சட்டங்கள் நிறைவேறின. 19 அன்று ஹ்ருஷெவ்ஸ்கி தெருவில் போலீஸ் பேருந்துகள் எரிந்தபோது இவர்கள் முன்னால் இருந்தார்கள். தடுக்கப் போன எதிர்க்கட்சித் தலைவர் கிளிச்கோ மீதே கூட்டத்தில் இருந்து தீயணைப்பானைப் பீய்ச்சினார்கள். ஆனால் அந்தத் தெருவில் கல்லெறிந்த பெரும்பாலோர் எந்தக் குழுவையும் சேராதவர்கள். 22 அன்று அங்கே சுடப்பட்டு இறந்த செர்ஹிய் நிகோயன் ஆர்மீனியக் குடும்பத்துப் பையன். அன்றே இறந்த பெலாரஸ்காரர் மிகைல் ஷிஸ்னேவ்ஸ்கி உனா-உன்சோ உறுப்பினர். ஒரே நாள், ஒரே தெரு.

புகைப்படம் பார்த்து முடிவு கட்டுபவர்கள் கொடியைக் கவனியுங்கள். நீலத்தில் மஞ்சள் கை, மூன்று விரல் உயர்ந்திருந்தால் அது ஸ்வோபோதா. சிவப்பு-கருப்பு 1940-களின் உக்ரைன் தேசியவாதக் கிளர்ச்சிப் படைக் கொடி. அதைப் பிடித்தவரெல்லாம் பிராவி செக்டர் உறுப்பினர் ஆகிவிடமாட்டார். 'ஸ்லாவா உக்ரைனி' (உக்ரைனுக்குப் புகழ்) முழக்கம் தேசியவாதிகளிடமிருந்து வந்ததுதான், ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அது எல்லோருடையதாகவும் ஆகிவிட்டது. இன்னொன்று, இது பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் தருவது: 'ரேடியோ ஸ்வோபோதா' என்பது அமெரிக்க நிதியில் இயங்கும் வானொலி. கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லின் பொருள் 'சுதந்திரம்', அவ்வளவே. அந்த வானொலிச் செய்தியை 'நாஜிக் கட்சி அறிக்கை' என்று பகிர்கிறவர்கள் ஒரு நிமிடம் தேடிப் பார்க்கக்கூடாதா?

மைதானின் தற்காப்புப் படையையும் பிராவி செக்டரையும் குழப்ப வேண்டாம். நூறு நூறு பேராகப் பிரித்த 'சோத்னியா' அணிகள் ஆந்திரிய் பருபியின் கீழ் இயங்கியவை. அவர் 1991-இல் ஸ்வோபோதாவின் தாய்க் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2004-இல் விலகிவிட்டார். சோத்னியாக்களில் யூதர்களும் இருந்தார்கள். பனியை மூட்டையில் அடைத்துத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த தடுப்புகளுக்குப் பின்னால் எல்லோரும் கலந்தே நின்றார்கள்.

தேர்தலில் என்ன ஆனது? 2014 மே அதிபர் தேர்தலில் யாரோஷ் 0.7%, ஸ்வோபோதா தலைவர் தியாக்னிபோக் 1.16%. அக்டோபர் நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்வோபோதா 4.71%; கட்சிப் பட்டியல் இடங்கள் பெறக் குறைந்தது 5% வேண்டும். ஆனால் அதிபர் யானுகோவிச் தப்பியோடிய பிறகு 2014 பிப்ரவரியில் அமைந்த இடைக்கால அரசில் துணைப் பிரதமர், பாதுகாப்பு, வேளாண்மை, சுற்றுச்சூழல் பொறுப்புகள் ஸ்வோபோதாவிடம் இருந்தன. இதை மறைப்பது நேர்மையல்ல.

இதைச் சொன்னால் புடின் ஆள் என்பார்கள். 2022 படையெடுப்பை நியாயப்படுத்த இதில் ஒரு வரிகூட உதவாது. அதேபோல், வாக்கு குறைந்ததால் ஆபத்து போய்விட்டது என்றும் வாதிடாதீர்கள். 2015 ஆகஸ்ட் 31 அன்று ஸ்வோபோதாவும் பங்கேற்ற நாடாளுமன்ற வாசல் ஆர்ப்பாட்டத்தில் வீசப்பட்ட கையெறி குண்டில் நான்கு தேசியக் காவல் படையினர் இறந்தார்கள். 2018 ஏப்ரலில் எஸ்-14 என்ற தீவிர வலதுசாரிக் குழுவினர் கீவின் லீசா ஹோராவில் ரோமா சிறுபான்மை இனக் குடும்பங்களை விரட்டிக் கூடாரங்களை எரித்தார்கள்.