முப்பத்தாறு வயதில் ஆட்டிசம் பரிசோதனைக்குப் போகலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். வயது 36, திருமணம் ஆகவில்லை. ஆலைக்கு வரும் லோரிகளின் எண்களையும், எந்த லோரி எந்தத் தோட்டத்துக் குலையை ஏற்றி வருகிறது என்பதையும் ஏட்டைப் பார்க்காமலே சொல்வேன். ஆனால், எடைச் சீட்டில் சுமையோடு உள்ள எடையையும் வெற்று லோரியின் எடையையும் இடம் மாற்றி எழுதிவிட்டு மாதந்தோறும் ஏச்சு வாங்குகிறேன். சிறு வயதில் மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடிவிடுவேன் என்று, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். கைப்பேசியில் வினாப்பட்டியல்களை நிரப்பிப் பார்த்தபோது ஆட்டிசம் (மதியிறுக்கம்), ஏடிஎச்டி (கவனக்குறைவு, அமைதியின்மைக் கோளாறு) இரண்டுமே இருக்கலாம் என்று வந்தது. இந்த வயதில் பரிசோதனைக்குப் போவதில் பயன் உண்டா? "தஞ்சோங் ரம்புத்தான்ல பேரு பதிஞ்சா அப்புறம் யாரு கட்டிக்குவா?" என்கிறார் அண்ணி, அங்குள்ள மனநல மருத்துவமனையை நினைத்து.

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போகலாம். அண்ணியின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த வினாப்பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏடிஎச்டிக்காகப் பெரியவர்களிடம் பரவலாகப் பயன்படும், உலகச் சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட பட்டியலும்கூட, யாரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சலித்தெடுப்பதற்கான சல்லடைதான். தைராய்டு கோளாறு, இரத்தசோகை, தூக்கக் குறைவு, நெடுநாள் மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும் என்பதால், அவற்றால் அவதிப்படுகிறவர்களும் அதில் உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடும். ஆகவே மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாலோ, தூக்கத்தைப் பற்றித் துருவிக் கேட்டாலோ, உங்களை நம்பவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டும் ஒருவருக்கே இருக்க முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் திருத்தப்படும் வரை, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டி என்ற முடிவையும் சேர்த்து எழுத அதன் விதி இடம் தரவில்லை. அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வழி பிறந்தது. உங்கள் கடிதத்தில் இரண்டின் சாயலும் தெரிவதால், இரண்டையும் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்ற ஆட்டிசத்தின் பிடிவாதம் ஏடிஎச்டியின் சிதறலை மூடிவைப்பது உண்டு. ஒன்றை மட்டும் தேடுகிறவர் கண்ணுக்கு மற்றது தப்பிவிடும்.

ஏடிஎச்டி என்று முடிவு செய்ய, 17 வயது நிரம்பியவரிடம் கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளிலோ, அமைதியின்மைக்கும் அவசரப்போக்குக்குமான ஒன்பது அறிகுறிகளிலோ குறைந்தது ஐந்து இருக்க வேண்டும்; அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; வேலையிடத்தில் மட்டுமின்றி வீட்டிலோ வேறோர் இடத்திலோ அவை இடைஞ்சல் தந்திருக்கவும் வேண்டும். ஆட்டிசத்தின் வேரும் இளம்பருவத்திலேயே இருக்க வேண்டும். ஆயினும், வாழ்க்கை கேட்பது ஒருவரின் திறனுக்கு மேலே போகும் வரை அது முழுதாக வெளியே தெரியாமல் இருக்கலாம் என்று அதே கையேடு ஒப்புக்கொள்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை இந்தக் கடைசிச் செய்திக்கு மிகுந்த எடை உண்டு என்பது என் கருத்து. விடியுமுன் பெரட்டு (வேலைக்குப் பெயர் கூப்பிடுதல்), அதே நிரை, அதே மரங்கள், சுற்றிலும் பிறந்தது முதல் பார்த்த முகங்கள் என்று ஓடிய வாழ்க்கையில், ஒரு பிள்ளை யாரிடமும் பேசாமல் இருந்தால் "கூச்சக்காரி" என்றும், சொன்னதை மறந்தால் "விளையாட்டுப் புத்தி" என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒழுங்கே உங்களைத் தாங்கியிருக்கும். எடைப்பாலத்தில் ஒரு கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் தொலைபேசி, கணினி, வெளியே ஹாரன், எட்டிப் பார்க்கும் ஓட்டுநர் என அனைத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டி வந்தபோது அந்தத் தாங்கல் போய்விட்டது என்றே நினைக்கிறேன். பெண்பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பழகி நடித்தே சமாளித்துவிடுவதால், அவர்களில் பலர் பெரியவர்களான பிறகே கண்டறியப்படுகிறார்கள்.

எனவே, பரிசோதனைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டியது உங்கள் பிள்ளைப்பருவம்தான். தமிழ்ப்பள்ளி மதிப்பெண் புத்தகம் எங்காவது இரும்புப் பெட்டிக்குள் கிடந்தால் தேடி எடுங்கள். ஆசிரியர் ஓரத்தில் எழுதிய "கெட்டிக்காரி, கவனம் போதாது" போன்ற ஒரு வரி, இன்று நீங்கள் நினைவிலிருந்து சொல்லும் பத்து வரிகளைவிட மருத்துவருக்கு உதவும். தமிழ்ப்பள்ளியை விட்டுப் புகுமுக வகுப்புக்கோ இடைநிலைப்பள்ளிக்கோ போனபின் ஏற்பட்ட மாற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாதங்களில் எடைச் சீட்டில் நேர்ந்த பிழைகளில் நினைவுள்ளவற்றை, அந்த நேரத்தில் சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதோடு சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள்.

வழி நீளமானதுதான், ஆனால் சிக்கலானதன்று. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கின் கட்டணம் 5 ரிங்கிட். காத்திருக்க நேரும். காத்திருக்க மனமில்லாமல் தனியார் மருத்துவ உளவியலாளரிடம் போனால், அவர் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்றும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்றும் முன்கூட்டியே கேளுங்கள். அவர் மதிப்பீடு செய்து அறிக்கை தரலாம். மருந்து எழுத மருத்துவர்தான் வேண்டும். ஆட்டிசத்தையே மாற்றும் மருந்து கிடையாது. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதால், இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்த பிறகே கொடுப்பார்கள்.

இனி, அண்ணி. 1911இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம்மவர்கள் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். உங்கள் பரிந்துரைக் கடிதம் அங்கே போகலாம், வேறு மருத்துவமனைக்கும் போகலாம். எங்கே போனாலும், உங்கள் சம்மதமின்றி மருத்துவர் உங்கள் மருத்துவ விவரத்தை ஆலை நிர்வாகத்திடமோ பெண் கேட்டு வருபவர்களிடமோ சொல்ல மாட்டார். சமூக நலத்துறை தரும் ஓக்கேயூ (மாற்றுத்திறனாளி) அட்டையில் ஆட்டிசமும் ஏடிஎச்டியும் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகின்றன. அதற்குப் பதிந்துகொள்வது உங்கள் விருப்பம். காப்புறுதிப் படிவத்தில் மட்டும் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும். இந்தச் சங்கடத்தை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை.

அம்மாவிடம் "நான் சின்ன வயசுல ஒரு மாதிரியா இருந்தேனா?" என்று கேட்காதீர்கள், எந்தத் தாயும் "இல்லை" என்றுதான் சொல்வார். உறுமிக் கதையையே மறுபடி சொல்லச் சொல்லுங்கள். அப்போது உங்களுக்கு எத்தனை வயது, வேறு எந்தச் சத்தத்துக்கு ஓடினீர்கள், திரும்பி வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டு, அவர் சொல்லும் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள்; மருத்துவர் மலாயில் கேட்டால் நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லலாம், கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல்.