வாசகர் கேள்வி–பதில்: கண் முகாம், பழைய துணி, பனங்கொட்டை

(அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சேவைச் சங்கம் ஒன்றின் செயலாளராக நெடுங்காலம் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எந்தச் சங்கத்தைப் பார்த்தாலும் கண் சிகிச்சை முகாம்தான். பேனர் கட்டி, போட்டோ எடுத்து, பேப்பரில் செய்தி போடுவதோடு சரி. இதனால் உண்மையிலேயே யாருக்காவது பார்வை கிடைக்கிறதா டீச்சர்?
— வாசகர், கடையம்

கிடைக்கிறது. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

அரிமா சங்கத்தார் (லயன்ஸ் கிளப்) கண்ணைப் பிடித்துக்கொண்டதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1925இல் அமெரிக்காவில் நடந்த அவர்களுடைய மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையில்லாதவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ஏற்றுக்கொண்டதை இன்றைக்கும் செய்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலைக்குப் பெரிய பலம் அரவிந்த் கண் மருத்துவமனை. அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்துக்காரர். அப்போது அது நம் திருநெல்வேலி ஜில்லா. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்ட மனிதர். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். 1988இல் திருநெல்வேலிக்கும் மருத்துவமனை வந்துவிட்டது.

இந்த மாதிரி முகாம்களில் டாக்டர், கருவிகள், அறுவை, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, ஊருக்குச் சொல்வது, ஆட்களைக் கூட்டி வருவது சங்கத்தின் பொறுப்பு. ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு நாள் சுற்றினால் கூட்டம் என்னவோ வந்துவிடும். கண்ணாடி பவர் மாறியவர்கள் வருவார்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் வருவார்கள். புரை முற்றி, எதிரே நிற்கிற ஆளை நிழலாட்டமாகப் பார்க்கிற ஆச்சிமார்தான் வரமாட்டார்கள். அவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டி வரவேண்டும். அந்த வேலைக்குத்தான் சங்கங்களில் ஆள் பஞ்சம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஆச்சி ஒருவரைச் சொல்கிறேன். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். இலை வெட்டுவதைப் பேத்தியிடம் விட்டுவிட்டு, சுற்றுவதையும் நூல் கட்டுவதையும் விரல் தடவலிலேயே செய்துகொண்டிருந்தார். “எனக்கு எதுக்குத் தாயி ஆப்பரேசன்? கை பழகிட்டு, கண்ணு என்னத்துக்கு?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பேச ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று நாள் போனால் மூன்று நாள் கூலி போச்சு. வீட்டில் இரண்டு ஆடு நிற்கிறது. அறுவை முடிந்து வந்ததும் அடுப்புப் புகையில் நிற்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பார்களே, சோறு பொங்கித் தருவது யார்? கண்ணைப் பற்றிய பயத்தை அவர் கடைசியாகத்தான் சொன்னார்.

ஆட்டை மேல வீட்டு மதினி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சோற்றுக்கு எதிர்வீடு ஒத்துக்கொண்டது. அதற்கு அப்புறம்தான் ஆச்சி பஸ் ஏறினார்.

திரும்பி வந்த பிறகு சொட்டு மருந்து. சில வாரங்களுக்கு விடவேண்டும்; முதலில் ஒரு நாளைக்குப் பல தடவை, போகப்போகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். தனியாக இருக்கிற வயசாளி தன் கண்ணில் தானே சொட்டு விட்டுக்கொள்வது லேசான காரியமா? பாதி கன்னத்தில் வழிந்துவிடும். எதிர்வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் வந்த பிறகும் விட்டாள். கை கழுவிவிட்டு, கீழ் இமையை மெல்ல இழுத்து, மருந்துப் புட்டியின் நுனி கண்ணில் படாமல், ஒரே சொட்டு. அந்தப் பிள்ளை செய்தது அசல் சேவை. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடியிருந்தால் அன்றைக்கு அறுவைக்கு எடுக்க மாட்டார்கள். கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வாருங்கள் என்பார்கள். அப்படித் திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதே இல்லை. அவர்கள் பெயர், தெரு, பக்கத்து வீட்டு போன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கவேண்டும். அடுத்த தடவை உங்கள் ஊரில் முகாம் நடந்தால் அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு எத்தனை பேரைக் கூட்டிப் போனீர்கள் என்றும் கேளுங்கள்.

2023 வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் மூட்டை மூட்டையாகத் துணி சேர்த்து அனுப்பினோம். அதெல்லாம் ஒரு மண்டபத்தில் அப்படியே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டு மனசு விட்டுப்போச்சு. உதவி செய்ததே தப்பா?
— வாசகி, தென்காசி

உதவி செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. அந்த டிசம்பர் 17, 18இல் பெய்தது சாதாரண மழையா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் கைக்கு எட்டியதை அனுப்பத்தான் எல்லாருக்கும் தோன்றும்.

ஆனால் வெள்ளத்தில் நின்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். குடிதண்ணீர், பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பாய், போர்வை. பெண்கள் ஓரமாகக் கூப்பிட்டு நாப்கினும் உள்ளாடையும் கேட்டார்கள். புது நைட்டி, கைலி இரண்டும் உடனே உதவின. ஜரிகைச் சேலையையும் பட்டன் போன சட்டையையும் வைத்துக்கொண்டு சேறு நிறைந்த வீட்டில் என்ன செய்வார்கள்? தண்ணீர் வடிந்த பிறகு கேட்டது வேறு: பிளீச்சிங் பவுடர், துடைப்பம், கரண்டு வேலை தெரிந்த ஆள், நனைந்துபோன ரேஷன் கார்டுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுக்க ஒருவர். வாரக்கணக்கில் இந்தத் தேவை இருந்தது. லாரிகள் வந்ததெல்லாம் முதல் சில நாள்தான்.

ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு, கோயிலில் வைத்துச் சமைத்துப் பயணிகளின் பசியாற்றினார்கள். எந்தச் சங்கமும் திட்டம் போட்டுச் செய்ததில்லை அது. பசித்தவர் கண்ணெதிரே இருந்தார், சோறு போட்டார்கள். நாம் தூரத்தில் இருப்பதால் நமக்கு அப்படித் தெரிய வழியில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மூட்டை கட்டலாம்.

துணி என்றதும் இன்னொன்று. பாபநாசத்தில் தோஷம் கழிய என்று குளித்துவிட்டு உடுத்தின துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். தன்னார்வப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாறை இடுக்கில் சுற்றிக் கிடப்பதைக் கத்தி வைத்து அறுத்து எடுக்கிறார்கள். ஊறின சேலை ஒன்றை இருவர் சேர்ந்துதான் இழுக்க முடியும். நம் ஐந்து மாவட்டமும் குடிக்கிற தண்ணீர் அம்மா அது. தயவுசெய்து துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

என் மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. புரை அறுவையும் ஆகியிருக்கிறது. “நான் போனா கண்ணைக் குடுத்துருங்க” என்கிறார். கொடுக்க முடியுமா? துட்டி (சாவு) வீட்டில் யாரும் மறுத்துவிட்டால்?
— வாசகி, சேரன்மகாதேவி

கொடுக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடி, புரை அறுவை எதுவும் தடையில்லை. வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வைரஸ், ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால்தான் எடுக்க மாட்டார்கள்.

உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். அதனால் நீங்கள் செய்யவேண்டியது இது: இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். தலைக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். பக்கத்துக் கண் வங்கியின் நம்பரை இப்போதே காலண்டர் ஓரத்தில் எழுதி மாட்டுங்கள். அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அரை மணி நேரத்துக்குள் வேலை முடியும். பெரும்பாலும் கருவிழியை மட்டும்தான் எடுக்கிறார்கள், முகத்தில் எதுவும் தெரியாது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போகும் முன்னே முடித்துவிடலாம், சடங்கு எதுவும் தள்ளிப்போகாது.

மறுப்புதான் பெரிய சங்கடம். படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதித்தால்தான் நடக்கும். போடாவிட்டாலும், அவர்கள் சம்மதித்தால் போதும். எனவே மாமனாரையே சொல்ல வையுங்கள். அடுத்த பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ மகன், மகள், மச்சினன்மார் எல்லாரும் கூடும்போது, சாப்பிட்டு உட்கார்ந்த நேரத்தில் அவர் வாயாலேயே வரட்டும். பெரியவர் ஆசைப்பட்டுச் சொன்னது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் துட்டி வீட்டில் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

கல்லூரி ரத்ததான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடை 43 கிலோ. அவமானமாக இருந்தது.
— மாணவி, பாளையங்கோட்டை

உன்னைக் காப்பாற்றத்தான் அந்த விதி, கண்ணு. 45 கிலோ இருக்கவேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும், வயது 18 ஆகியிருக்கவேண்டும். நல்லாச் சாப்பிடு, முருங்கைக்கீரை சேர்த்துக்கொள், அடுத்த வருஷம் கொடுக்கலாம்.

அதுவரை உனக்கு வேறு வேலை தருகிறேன். பிறந்தநாள், நினைவுநாள் என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டு, மே மாதம் கல்லூரி பூட்டியதும் ரத்தத்துக்கு அலைவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம்தான் வைத்திருக்க முடியும், தட்டணுக்களை ஐந்தே நாள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். உன் வகுப்பில் யார் எந்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார்கள், கோடை விடுமுறையில் எந்த ஊரில் இருப்பார்கள் என்று எழுதி வை. மே மாதம் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலிருந்து ஓர் அப்பா பதறிக்கொண்டு போன் செய்யும்போது அந்தத் தாளுக்கு மதிப்புத் தெரியும்.

குளத்தங்கரையில் பனங்கொட்டை நட்டோம். மூன்று மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. கெட்ட விதையா?
— இளைஞர் மன்றத்தார், நாங்குநேரி

அவசரப்படாதீர்கள். பனை முதலில் கீழேதான் போகும். முளை மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு கட்டி, பிறகுதான் ஓலை வெளியே வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். முளைத்திருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பவர்களும், கிழங்குக்காகத் தோண்டுபவர்களும்தான் பாதியைக் கெடுக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், பத்தடி இடைவெளியில் நட்டிருந்தால் கவலை வேண்டாம். சித்திரை, வைகாசியில் கரையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளம் தூர்வார ஜேசிபி வருவதாக இருந்தால், நட்ட வரிசை தெரிகிற மாதிரி கம்பு ஊன்றி வையுங்கள்.

சங்கத்தில் கணக்குக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். போன வருஷத் தலைவர் தொடங்கிய மாலை வகுப்பையும் இந்த வருஷத் தலைவர் நிறுத்திவிட்டார்.
— உறுப்பினர், ஊர் வேண்டாம்

கேளுங்கள். அரிமா சங்க நடைமுறையிலேயே, பொதுமக்களிடம் வசூலித்த பணம் தனிக் கணக்கில் இருக்கவேண்டும். அது சேவைக்கு மட்டும். கூட்டத்துச் சாப்பாடும் சால்வையும் உறுப்பினர் சந்தாவிலிருந்து வரவேண்டும்.

மாலை வகுப்பு நின்றதுதான் எனக்கு வருத்தம். அரிமா, ரோட்டரி இரண்டிலும் ஜூலை 1 அன்று புதுத் தலைவர் வருவார், தன் பெயரில் புதுத் திட்டம் வேண்டும் என்பார். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, பிள்ளைகள் நடுவில் நிற்பார்கள். வகுப்புக்கென்று தலைவர் அல்லாத மூன்று பேர் குழுவைப் பல வருஷத்துக்குப் போடச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.

வயது 68. மூட்டுவலி. வெயிலில் அலைய முடியாது. வீட்டிலிருந்தே செய்ய ஏதாவது இருக்கிறதா?
— வாசகர், வள்ளியூர்

இருக்கிறது. ஜனவரியில் தாமிரபரணிக் கரைக் குளங்களில் 2011 முதல் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு உங்களைக் கூப்பிட நினைத்தேன். அதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு, வாசிக்கிற வேலை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அங்கே படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பல பாடநூல்கள் பிரெய்லியில் கிடைப்பதில்லை. நீங்கள் போனில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பலாம்.

ஃபேனை அணைத்துவிட்டு உட்காருங்கள், இரைச்சல் பதிவாகிவிடும். பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். படம், வரைபடம் வந்தால் தாண்டிப் போகாமல் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆங்கிலப் பெயர் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு பதிவு. மொத்தப் புத்தகத்தையும் ஒரே பதிவாக அனுப்பினால் தேடுவது அவர்களுக்குச் சிரமம். முதல் பாடத்தை மட்டும் அனுப்பிவிட்டு, வேகம் சரியா, குரல் கேட்கிறதா, எந்தப் பாடம் முதலில் வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொண்டு இரண்டாவதைத் தொடங்குங்கள்.