டர்போ போட்ட எஸ்டீம்: பெரிய பெட்ரோல் பம்ப் மட்டும் போதுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது 2004 மாடல் மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ. நானும் அண்ணனும் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து டர்போவும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது) இன்டர்கூலரும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) போட்டோம். பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ தரும் அழுத்தம், 0.6 பார். இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வண்டியோடு வந்ததுதான். பூஸ்டில் பெட்ரோல் கூடுவதற்காக ரைசிங் ரேட் ரெகுலேட்டர் மாட்டியிருக்கிறோம். 4,500 ஆர்பிஎம் வரை நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல் திணறுகிறது, சில நேரம் டிக் டிக் என்று சத்தமும் வருகிறது. 255 லிட்டர் பம்ப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போதுமா? வண்டி கோவை செட்டிபாளையம் டிராக்குக்காகத்தான். 140 ஹெச்பி வந்தால் போதும்.

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். பம்ப் வாங்குவது இருக்கட்டும், இன்றிலிருந்து வண்டியைப் பூஸ்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சொல்லும் டிக் டிக் சத்தம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை ஒழுங்காக எரியாமல் தானாக வெடிப்பது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த நிலையில் அது தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடையும், இல்லை பிஸ்டன் தலையே உருகும். அதற்கு நாள்கணக்கு வேண்டாம், ஒரு நேர்ச்சாலையில் சில விநாடி போதும். டர்போவின் வேஸ்ட்கேட்டை (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வை) திறந்தே இருக்கும்படி கட்டிவைத்து, பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். பம்ப் மட்டும் போதாது. உங்கள் வண்டியில் பம்ப் கடைசியாக மாற்றவேண்டிய பொருளாகக்கூட இருக்கலாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்குத் தெரிந்தால் கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கவேண்டியதில்லை.

எஸ்டீமின் இசியு, மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை ஒரு மேப் சென்சார் வழியாகப் பார்த்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. டர்போ இல்லாத வண்டி என்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அந்தச் சென்சாருக்குக் கண் தெரியும். பூஸ்ட் ஏறினால் அதற்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு ரைசிங் ரேட் ரெகுலேட்டர் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது. பின்னால் இருந்து தள்ளும் அழுத்தத்தை மட்டும் ஏற்றிப் பெட்ரோலைக் கூட்டப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தின்படிதான் கூடும். அதாவது பெட்ரோல் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். உங்கள் 0.6 பார் பூஸ்டுக்கு, இன்டர்கூலர் இருப்பதால் காற்று சுமார் ஒன்றரை மடங்கு ஆகும். பூஸ்டில் கலவையைக் கொஞ்சம் ரிச்சாகவும் (பெட்ரோல் தூக்கலாகவும்) வைக்க வேண்டும் என்பதால் பெட்ரோல் 1.6 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) சாதாரண அழுத்தம் 3 பார் என்றால், 1.6 பெருக்கல் 1.6 பெருக்கல் 3, கிட்டத்தட்ட 7.7 பார். எதிரில் மேனிஃபோல்டில் இருந்து தள்ளும் 0.6 பாரையும் சேர்த்தால் 8.3 பார். 3 பாருக்காகச் செய்த பம்ப்பால் இது ஆகிற காரியமில்லை. பல டேங்க் பம்ப்புகளில் 6, 7 பாரை நெருங்கும்போதே உள்ளே இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து பெட்ரோலை டேங்குக்கே திருப்பிவிடும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்வரை செலவு குறைவு, சமாளிக்கிறது. 4,500-ஐத் தாண்டியதும் பம்ப் தோற்றுப்போகிறது, ரெயில் அழுத்தம் விழுகிறது, கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிறது. உங்கள் திணறலுக்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக் பெரிய பம்ப் என்று சொன்னது இதைப் பார்த்துத்தான், அவர் நினைப்பில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் 255 லிட்டர் என்று எழுதியிருப்பது ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில்தான். 8 பாரில் அந்தப் பம்ப்பும் அதைத் தராது. தந்தாலும் அந்த அழுத்தத்தில் இன்ஜெக்டரின் ஊசி ஒழுங்காகத் திறக்கத் திணறும். இன்ஜெக்டரை மாற்றாமல் பம்ப்பை மட்டும் மாற்றுவது, மாந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் துளையை அப்படியே விட்டுவிட்டு மோட்டரை மட்டும் பெரிதாக மாற்றுவது மாதிரி.

சரி, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதை இன்ஜின் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். டர்போ போட்ட பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு ஹெச்பிக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி என்பது டியூனர்கள் வைத்துக்கொள்ளும் பாதுகாப்பான அளவு. 140 ஹெச்பிக்கு 882 சிசி. இதோடு நம் ஊர் நிலவரத்தையும் சேர்க்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் எரியத் தேவையான காற்று குறைவு என்பதால், அதே காற்றுக்கு இ20 சுமார் 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஆக 950 சிசி. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் தலைக்கு 238. இன்ஜெக்டரை நூறு சதவீத நேரமும் திறந்து வைக்கக்கூடாது, 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். 238-ஐ 0.8-ஆல் வகுத்தால் 298. எனவே 3 பாரில் நிமிடத்துக்கு 330 முதல் 380 சிசி வரை தரும் இன்ஜெக்டர் உங்களுக்குச் சரி.

எதற்கும் இருக்கட்டும் என்று 600, 700 சிசி வாங்கிவிடாதீர்கள். ஐடிலிங்கில் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் 2, 3 மில்லிவிநாடிதான் திறக்கும். அதில் சுமார் ஒரு மில்லிவிநாடி, ஊசி எழும்புவதற்கே போய்விடும். இன்ஜெக்டர் பெரிதாக ஆக அந்தச் சின்ன நேரத்தை அளந்து கொடுப்பது கடினம். சிக்னலில் நின்றால் வண்டி குலுங்கும், பிளக் கறுக்கும்.

வாங்கும்போது 12 ஓம்ஸ் அளவிலான ஹை இம்பிடன்ஸ் வகையாக வாங்குங்கள். 2, 3 ஓம்ஸ் இன்ஜெக்டரை நேராக இணைத்தால் இசியுவின் டிரைவர் கருகும். ஆன்லைனில் பாஷ் பெயரில் நகல் நிறைய வருகிறது. புதிதோ பழையதோ, நான்கையும் ஃப்ளோ பெஞ்சில் (பீய்ச்சும் அளவைச் சோதிக்கும் கருவியில்) வைத்து அளந்த தாளோடு வாங்குங்கள். நான்குக்குள் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு இன்ஜெக்டர் குறைவாகப் பீய்ச்சினாலும் அந்த சிலிண்டர்தான் முதலில் போகும். நான்கையும் சேர்த்துப் பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு அது தெரியாது.

இன்ஜெக்டரை மாற்றியதும் பழைய இசியு ஒத்துழைக்காது. நாமே டியூன் செய்துகொள்ளக்கூடிய ஸ்டாண்ட்அலோன் இசியு கட்டாயம் வேண்டும். 2.5 அல்லது 3 பார் மேப் சென்சார், பாஷ் எல்எஸ்யு 4.9 வகை வைட்பேண்ட் சென்சார் (கலவையைத் துல்லியமாக அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்), இரண்டும் அதோடு சேர்ந்தவை. ஸ்பீடூயினோ, மெகாஸ்குவிர்ட் போன்றவை உங்கள் இன்ஜினுக்குப் போதும். பெட்ரோலை மட்டுமல்ல, இக்னிஷன் டைமிங்கையும் பூஸ்டில் பின்னுக்குத் தள்ள இதனால்தான் முடியும். டைமிங்கைத் தொடாமல் பெட்ரோலைக் கொட்டி நாக்கிங்கை அடக்க நினைப்பது தவறு. டியூன் செய்யும்போது ஏர் ஃபியூயல் எண்ணைப் பார்க்காமல் லாம்டாவை (எந்த எரிபொருளானாலும் கலவை சரியான அளவில் இருந்தால் 1 என்று காட்டும் எண்ணை) பாருங்கள். பெட்ரோலுக்கு 14.7 என்றால் இ20-க்கு 13.5-தான்; லாம்டாவில் இந்தக் குழப்பம் இல்லை. முழு பூஸ்டில் 0.80 முதல் 0.82.

இது வந்ததும் ரைசிங் ரேட் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். சாதாரண ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டர் போதும். பூஸ்ட் 0.6 ஏறினால் ரெயிலும் அதே 0.6 ஏறி 3.6 பார் ஆக வேண்டும், அவ்வளவுதான். அதன் குழாயை மேனிஃபோல்டில் தனியாக ஓர் இடத்திலிருந்து எடுங்கள், பிரேக் பூஸ்டர் குழாயோடு சேர்க்காதீர்கள். ரெயில் அடாப்டர், போல்ட் எதுவும் பொருந்தவில்லை என்றால் ஓசூர் சிப்காட் பக்கம் சிஎன்சி பட்டறைகளுக்குக் குறையே இல்லை. வரைபடமும் மாதிரியும் கொடுத்தால் அலுமினியத்தில் சுத்தமாகக் கடைந்து தருவார்கள். ஓ-ரிங் மட்டும் எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பரில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பம்ப். மொத்தத் தேவை நிமிடத்துக்கு 950 சிசி, மணிக்கு 57 லிட்டர். 30 சதவீதம் கைவசம் வைத்தால் 74 லிட்டர், அதுவும் 3.6 பாரில். இதற்கு 255 லிட்டர் பம்ப் தேவையே இல்லை. பெரிய பம்ப்பில் கெடுதலும் உண்டு. ஐடிலிங்கில் செலவாகாத பெட்ரோல் முழுவதும் மெல்லிய ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்ப வேண்டும். அது தாங்காவிட்டால் ரெயில் அழுத்தம் 3-ல் நிற்காமல் ஏறிவிடும். கோடையில் இன்ஜினைச் சுற்றிவந்த சூடான பெட்ரோல் டேங்கையும் சூடாக்கும்.

உங்கள் பழைய பம்ப்பையே முதலில் அளந்து பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டர் மாட்டிய பிறகு, ரெயிலில் பிரஷர் கேஜ் வைத்து, ரிட்டர்ன் ஓஸை அளவு போட்ட கேனில் விடுங்கள். இன்ஜின் ஓடக்கூடாது. ரெகுலேட்டரின் வாக்யூம் முனையில் சைக்கிள் பம்ப்பால் 0.6 பார் காற்றைக் கொடுங்கள், பம்ப் ஓடும்போது கேஜ் 3.6 காட்டும். பம்ப் ரிலேவை ஜம்பர் செய்து (வயரால் நேரடியாக இணைத்து) 30 விநாடி ஓட்டுங்கள். 620 மில்லிக்கு மேல் வந்தால் அந்தப் பம்ப் உங்களுக்குப் போதும். திறந்த வெளியில், பேட்டரி இணைப்பிலிருந்து தள்ளி, தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். கொட்டகைக்குள் வேண்டாம்.

அளவு குறைந்தாலும் உடனே பம்ப்பைக் குறைசொல்லாதீர்கள். பம்ப் ஓடும்போது அதன் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து, பேட்டரியில் இருக்கும் வோல்டேஜோடு ஒப்பிடுங்கள். இருபது வருட வயரிங்கில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைவது சாதாரணம், அதனாலேயே பம்ப்பின் அளவு வெகுவாகக் குறையும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக இழுத்து, பழைய இணைப்பை ரிலேவைத் தூண்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். இதெல்லாம் செய்தும் குறைந்தால் 3.6 பாரில் மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தரும் நல்ல பம்ப் ஒன்று போடுங்கள்.

குழாய் விஷயத்தில் பணத்தை வீணாக்க வேண்டாம், ஆனால் கஞ்சத்தனமும் வேண்டாம். கம்பெனி போட்ட இரும்பு லைன் 140 ஹெச்பிக்குத் தாராளம். ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், 2004-ல் வந்த ரப்பர் இ20-ஐ நினைத்துச் செய்ததல்ல. இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஓஸ் வேண்டும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10. ஆர்9 ஓஸை டேங்குக்குள் போட்டால் வெளிப்பக்கம் ஊறிக் கெட்டுவிடும். பளபளப்பான ஸ்டீல் பின்னல் போட்ட மலிவு ஓஸ்களை நான் விரும்புவதில்லை. உள்ளே வெறும் ரப்பர்தான், வெடிப்பு விட்டாலும் பின்னலுக்குள் கண்ணுக்குத் தெரியாது. டர்போவுக்கு அருகே போகும் லைனை வழிமாற்றுங்கள், முடியாவிட்டால் வெப்பக் கவசம் போடுங்கள். இன்ஜின் நின்றதும் பம்ப் நிற்கும்படி இசியுவில் அமைத்திருக்க வேண்டும். மோதலில் சுற்றைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் மாட்டுங்கள். டிராக்கில் நீண்ட வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும், அரை டேங்குக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் இப்போதைக்கு சர்ஜ் டேங்க் (பம்ப்புக்குப் பெட்ரோல் இடைவிடாமல் கிடைக்க வைக்கும் சிறிய கூடுதல் டேங்க்) இல்லாமலே ஓட்டலாம்.

டியூனிங்குக்கு அநேகமாகப் பெங்களூரு டைனோவுக்குத்தான் (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) போவீர்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். கோவை 400 மீட்டர். வேஸ்ட்கேட் வெளிக்காற்றுக்கு மேல் 0.6 பார் என்றுதான் திறக்கும், ஆகவே கோவையில் மேனிஃபோல்டின் முழு அழுத்தம் 5 கிலோபாஸ்கல் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். டைனோவில் பார்த்த உச்சத்தோடு டேபிளை (அழுத்தம் வாரியாகப் பெட்ரோல் அளவு எழுதிய இசியு பட்டியலை) நிறுத்தாமல் 180 கிலோபாஸ்கல் வரை நிரப்பித் தரச் சொல்லுங்கள், அதற்கு மேல் பெட்ரோல் கட் வைக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்தோடு பொருந்தாத மாற்றம் செய்த வண்டி பொதுச்சாலைக்கு உரியதல்ல. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் கைவிடக்கூடும். டைனோவுக்கும் டிராக்குக்கும் கேரியரில் ஏற்றியே கொண்டுபோங்கள். சேலம் வழியில் தொப்பூர் கணவாயில் பூஸ்டைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் அறவே வேண்டாம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது நம் மாவட்டக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பணத்தை இப்படிச் செலவழியுங்கள்: இசியு, வைட்பேண்ட், இன்ஜெக்டர், ரெகுலேட்டர் முதலில், ஓஸும் வயரிங்கும் அதே வேலையோடு, பம்ப், அளந்து பார்த்துத் தேவைப்பட்டால். டிராக்கில் முதல் சில சுற்றுகள் முடிந்ததும் இன்ஜின் சூடாக இருக்கும்போதே போனட்டைத் திறந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு ஓஸ் இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு அதோடு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.